1,18,000 டாலரா, காத்திருப்பா? கலிஃபோர்னியாவில் நான் நர்சிங் படித்த கணக்கு

2018 ஆகஸ்டில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியின் அட்மிஷன் அறையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பெண் ஒரு தாளில் மொத்தக் கட்டணத்தை எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார். 1,18,000 டாலர். மூன்று வருடப் படிப்பு, அக்டோபரிலேயே வகுப்பு ஆரம்பம். "கம்யூனிட்டி காலேஜ் போனால் நாலஞ்சு வருடம் வெயிட்டிங் லிஸ்டில் நிற்க வேண்டும். அதற்குள் இங்கே படித்து முடித்து நீங்கள் வேலையிலேயே இருப்பீர்கள்" என்றார். (கம்யூனிட்டி காலேஜ் என்பது கட்டணம் குறைந்த, அரசு சார்ந்த இரண்டு வருடக் கல்லூரி.) அந்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டால் பதிவுக் கட்டணம் கிடையாது என்றும் சொன்னார்.

எனக்கு அப்போது 36 வயது. பாளையங்கோட்டையில் பி.காம். படித்தவள். 2008-ல் கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் ஃப்ரீமான்ட்டுக்கு வந்து, பத்து வருடம் கழித்து க்ரீன் கார்டு கைக்கு வந்திருந்தது. பெரியவள் நான்காம் வகுப்பு, சின்னவன் கிண்டர்கார்டன். நாலஞ்சு வருடம் என்ற சொல் எனக்குள் என்னவோ செய்துவிட்டது. ஏற்கனவே பத்து வருடம் காத்திருந்தவளிடம் இன்னும் ஐந்து வருடம் நில் என்றால் கோபம்தான் வரும். பேனாவை எடுத்தே விட்டேன். கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி எப்படியோ எழுந்து வந்தேன்.

நர்சிங் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருடம் ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, என் மாமியார், படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தார். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். "வலியெல்லாம் ஒண்ணுமில்லைன்னு சொல்லும்மா" என்பார் அத்தை. நானும் அப்படியே மொழிபெயர்ப்பேன். இரவு வந்த நர்ஸ் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அத்தையின் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் புரட்டினார். அத்தையின் விரல்கள் இறுகியதைப் பார்த்தார். "இது ஒன்றுமில்லாத வலி இல்லை" என்று சொல்லி டாக்டரை அழைத்தார். எனக்கு மொழி தெரிந்தும் தெரியாமல் போனது, அவருக்கு மொழி தெரியாமலே தெரிந்தது. அந்த வேலையை நான் செய்ய வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

அன்று இரவு குழந்தைகள் தூங்கிய பிறகு நானும் கணவரும் கணக்குப் போட்டோம். எனக்கு ஏற்கனவே ஒரு பட்டம் இருப்பதால் பெல் கிராண்ட், அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவித்தொகை, கிடையாது. அது வெளிநாட்டுப் பட்டமாக இருந்தாலும் விதி அதுதான். ஊரில் டிகிரி முடித்துவிட்டு இங்கே வந்த பெண்கள் பலர் இதை அறியாமல் அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போடுகிறார்கள். ஃபெடரல் கடன் உண்டு, ஆனால் அதற்கு வருட உச்சவரம்பு இருக்கிறது. திருமணமானவர்களுக்கு முதல் வருடம் 9,500, இரண்டாம் வருடம் 10,500, மூன்றாம் வருடம் 12,500. மூன்றையும் கூட்டினால் 32,500. மீதி 85,500 டாலர் தனியார் கடனாகத்தான் வர வேண்டும், அதற்குக் கணவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்குச் சொன்ன வட்டி 9 சதவீதம். பத்து வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் இரண்டு கடனுக்கும் சேர்த்து மாதம் 1,430 டாலர் அளவில் வந்தது. மொத்தம் 1,71,000-ஐத் தாண்டியது. படிக்கிற காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்க்காத கணக்கு இது.

அடுத்த பக்கத்தில் கம்யூனிட்டி காலேஜ். கலிஃபோர்னியா வாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர். ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) படிப்புக்கு மாநில விதிப்படி குறைந்தது 58 யூனிட் வேண்டும். 58 பெருக்கல் 46, 2,668 டாலர். கணவர் கால்குலேட்டரை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் முடிவு சுலபம் என்று தோன்றும். சுலபமில்லை, ஏனென்றால் காலத்துக்கும் விலை உண்டு. 2023 மே மாத அரசுக் கணக்குப்படி கலிஃபோர்னியாவில் ஆர்.என். ஒருவரின் சராசரி ஆண்டுச் சம்பளம் 1,37,690 டாலர். தனியாரில் சேர்ந்திருந்தால் 2021 கடைசியில் முடித்திருப்பேன். கம்யூனிட்டி காலேஜ் வழியில் என் கைக்கு லைசென்ஸ் வந்தது 2023 ஜூலையில். ஒன்றரை வருடச் சம்பளம் போயிற்று. வரி போக, புதிதாகச் சேர்பவருக்குச் சராசரியைவிடக் குறைவு என்பதும் போக, அந்தத் தொகை தனியார் கட்டணத்தைவிட ரொம்பக் குறைந்துவிடாது. எல்லாம் நல்லபடியாக நடந்தால் தனியார் கல்லூரி ஒன்றும் முட்டாள்தனமான தேர்வு இல்லை. இதை மறைத்துவிட்டு "கம்யூனிட்டி காலேஜே சிறந்தது" என்று சொல்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் எல்லாம் நல்லபடியாக நடக்காவிட்டால்? அன்று இரவு கணவர் கேட்ட கேள்வி இதுதான்: "ரெண்டாம் வருஷம் நடுவுல நிறுத்த வேண்டி வந்தா, நம்ம கையில என்ன இருக்கும்?" தனியாரில் 60,000 டாலர் அளவில் கடன் இருக்கும், லைசென்ஸ் இருக்காது, அந்த யூனிட்டுகளை வேறு கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதியும் இருக்காது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டாயிரம் சொச்சம் போயிருக்கும், பாடங்கள் கணக்கில் இருக்கும். படித்து முடித்தால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் எல்லாரும் ஒப்பிடுகிறோம், நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று ஒப்பிட்ட பிறகுதான் என் பேனா மூடியது.

நர்சிங்கில் நடுவில் நிற்பது அபூர்வமும் இல்லை. ஒரு பாடத்தில் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு ஒரு புள்ளி குறைந்தால்கூட அடுத்த செமஸ்டருக்குப் போக முடியாது. இரண்டு தடவை தவறினால் பல இடங்களில் படிப்பிலிருந்தே விலக்கிவிடுவார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் படிக்கிறவர்களுக்குப் பாடம் மட்டுமே காரணம் இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போகும், ஊரில் அப்பா விழுவார், கணவருக்கு வேலை போகும்.

அடுத்த வாரம் கம்யூனிட்டி காலேஜ் கவுன்சலரைப் பார்த்தேன். அங்கேதான் "நாலஞ்சு வருட வெயிட்டிங் லிஸ்ட்" என்பது கரைய ஆரம்பித்தது. ரேஷன் கடை வரிசை மாதிரி பெயர் எழுதிவிட்டு நிற்கும் வரிசை இப்போது பல கல்லூரிகளில் இல்லை. சில கல்லூரிகள் குலுக்கல் போடுகின்றன, பல கல்லூரிகள் கிரேடு, நுழைவுத் தேர்வு, வேலை அனுபவம் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு, அந்தப் புள்ளி முறையில் எடுக்கின்றன. அந்த ஐந்து வருடத்தில் பெரும்பகுதி காத்திருப்பே இல்லை, படிப்பு. அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி, அவற்றுக்கு முன் கெமிஸ்ட்ரி, ஆங்கிலக் கட்டுரை, சைக்காலஜி. நான் பி.காம். என்பதால் எங்கே சேர்ந்தாலும் இவற்றைப் படித்தே ஆக வேண்டும். தனியார் கல்லூரி சொன்ன மூன்று வருடத்திலும் முதல் வருடம் இந்தப் பாடங்கள்தான், ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் கட்டணம். அதே அனாட்டமி இங்கே 200 டாலருக்குள். என் உண்மையான காத்திருப்பு எத்தனை மாதம் என்று பின்னால் எண்ணிப் பார்த்தேன். 2020 ஜூன் முதல் 2021 ஆகஸ்ட் வரை, பதினான்கு மாதம்.

வரிசை ஏன் வருகிறது என்பதும் அங்கேதான் புரிந்தது. நர்சிங் சொல்லிக்கொடுக்க மாஸ்டர்ஸ் படித்தவர்கள் வேண்டும், அதே ஆள் மருத்துவமனையில் வேலை பார்த்தால் கூடுதல் சம்பளம். கிளினிக்கல் பயிற்சிக்கு மருத்துவமனைகளில் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு எல்லாக் கல்லூரிகளும் போட்டி போடுகின்றன. ஆர்வமுள்ள மாணவர்கள் எத்தனை பேர் வந்தாலும் சீட்டைக் கூட்ட முடியாது.

2018 இலையுதிர் செமஸ்டரில் கெமிஸ்ட்ரியும் ஆங்கிலமும். அனாட்டமி வகுப்புக்கே தனியாக ஒரு வெயிட்டிங் லிஸ்ட் இருந்தது, அதில் 19-ஆவது ஆளாக நின்றேன். கவுன்சலர் சொன்னபடி முதல் நாள் வகுப்புக்கே நேரில் போய்ச் சுவரோரம் நின்றேன். முதல் வாரத்தில் சிலர் வராமல் போனார்கள், ஆனாலும் இடம் என் வரைக்கும் வரவில்லை. அடுத்த முறை புதிய மாணவர் அல்ல என்பதால் பதிவுத் தேதி முன்னால் வந்தது, 2019 வசந்தத்தில் இடம் கிடைத்தது. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் சொல்வது: நர்சிங் போவதா வேண்டாமா என்று முடிவாகாவிட்டாலும் ஒரு சின்னப் பாடத்தையாவது எடுத்துக் கல்லூரிக்குள் நுழைந்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு உயிரியலைத் தொடாதவளுக்கு அனாட்டமி எப்படி இருந்திருக்கும்? முதல் லேப் தேர்வில் 61. காரில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் மணிக்கட்டின் எட்டு எலும்புகளையும் மகளின் கையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிப் படித்தேன். குளிக்கும்போது, சட்னி அரைக்கும்போது, பார்க்கில் சின்னவனை ஊஞ்சலில் தள்ளும்போதெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். கடைசியில் ஏ வந்தது. புள்ளி முறையில் அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி என்ற மூன்று அறிவியல் பாடங்களின் கிரேடுக்குத்தான் எடை அதிகம். அதனால் இரண்டு அறிவியல் பாடங்களை ஒரே செமஸ்டரில் எடுத்து இரண்டிலும் பி வாங்குவதைவிட, ஒன்றை எடுத்து ஏ வாங்குவது மேல். ஒரு செமஸ்டர் மிச்சப்படுத்தப் போய் இரண்டு வருடத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சில கல்லூரிகள் அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று கேட்கும். ரொம்ப இழுக்கவும் கூடாது.

மைக்ரோபயாலஜி 2020 வசந்தத்தில். மார்ச்சில் கொரோனா வந்து லேப் முழுவதும் கணினித் திரைக்குப் போயிற்று. அதற்குள் நர்சிங் சேர்க்கைக்கான டீஸ் தேர்வு எழுதியிருந்தேன். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் அதில் 62 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, ஆனால் புள்ளி முறையில் இடம் வேண்டுமென்றால் 62 போதாது. முதல் முயற்சி மதிப்பெண்ணை மட்டும் எடுக்கும் கல்லூரிகளும் உண்டு. 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்' என்று போகாதீர்கள்.

புள்ளிகளில் ஒன்று எனக்கு இன்றும் சந்தோஷம் தருவது. கூடுதல் மொழி தெரிந்தவர்களுக்குப் புள்ளி உண்டு. இந்தப் புள்ளி முறைக்கான மாநிலச் சட்டத்தில் ஸ்பானிஷ், சீனம், டகாலோக் வரிசையில் இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். எப்படி நிரூபிப்பது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நான் ஊரிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை வரவழைத்துக் கொடுத்தேன். தமிழ் மதிப்பெண் எனக்கு இங்கே உதவும் என்று பாளையங்கோட்டையில் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சர் நினைத்திருக்க மாட்டார்.

2020-ல் விண்ணப்பித்த இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை. நான் செய்த தவறு, வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் பார்த்தது. ஓலோனி, ஷபோ, டி அன்சா, எவர்கிரீன் வேலி, மெரிட் என்று ஒரு மணி நேர ஓட்டத்துக்குள்ளேயே பல கல்லூரிகளில் நர்சிங் இருக்கிறது. கொஞ்சம் தாண்டினால் லாஸ் மெடானோஸ், ஸ்டாக்டனில் சான் வாக்கீன் டெல்டா. ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி, தனி விதி. ஒரு நோட்டில் கோடு போட்டு எல்லாவற்றையும் எழுதிவைத்தது அதற்குப் பிறகுதான்.

அந்த ஜூனில் பழைய கோபம் திரும்ப வந்தது. தனியார் கல்லூரியின் எண் இன்னும் போனில் இருந்தது, ஒரு நாள் அழைக்கவும் செய்தேன். கட்டணம் ஏறியிருந்தது. வைத்துவிட்டு சி.என்.ஏ. என்ற நர்ஸ் உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தேன். கலிஃபோர்னியாவில் அதற்கு 160 மணி நேரம், அதில் 100 மணி நேரம் நோயாளிகளோடு. அக்டோபரிலிருந்து ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு ஷிப்ட். கொரோனா உச்சத்தில் இருந்த குளிர்காலம் அது. வீட்டுக்கு வந்ததும் கராஜிலேயே உடை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் குழந்தைகளைத் தொடுவேன்.

அங்கே எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு ஃபிலிப்பினோ அக்கா. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படிப் புரட்டுவது, விரிப்பை எப்படி இழுத்தால் தோல் உரியாது, சாப்பாட்டை வேண்டாம் என்பவரிடம் எந்தக் குரலில் பேசுவது. "முதலில் பெயரைச் சொல், அப்புறம் தொடு" என்பார். ஒரு பஞ்சாபிப் பாட்டி யாரையும் கிட்டே விடமாட்டார். எனக்குப் பஞ்சாபி தெரியாது. அத்தையின் கையைப் பிடித்த நர்ஸை நினைத்துக்கொண்டு ஒரு இரவு முழுக்க அவ்வப்போது போய்ப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன். விடியும்போது தலை வாரிவிடச் சொல்லிச் சீப்பை நீட்டினார். அந்த எட்டு மாதத்தை வீணான காத்திருப்பு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மருத்துவத் துறை வேலை அனுபவத்துக்குப் புள்ளியும் கிடைத்தது. 2021-ல் ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். ஒன்றில், யாராவது விலகினால் அழைக்கும் மாற்றுப் பட்டியல். ஒன்றில் இடம்.

படித்த இரண்டு வருடத்தை அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கமில்லை. கணவர் சமையல் கற்றுக்கொண்டார். 2023 மே மாதம் படிப்பு முடிந்ததற்கு அடையாளமான நர்சிங் பின்னைக் குத்தினார்கள். அந்த ஏப்ரலில்தான் லைசென்சுக்கான என்க்ளெக்ஸ் தேர்வு புதிய வடிவத்துக்கு மாறியிருந்தது. 85 கேள்வியோடு கணினி தேர்வை முடித்துக்கொண்டது, தேர்ச்சி. கல்லூரிக் கட்டணத்தோடு புத்தகம், தேர்வுக் கட்டணம், ஸ்க்ரப்ஸ் சீருடை, தடுப்பூசி, கைரேகை, சி.என்.ஏ. பயிற்சி என்று எல்லாம் சேர்த்து 9,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகியிருந்தது.

தனியாருக்குப் போன இருவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் 44 வயதில் சேர்ந்தார். இருபது வருடம் முன்னால் இங்கேயே படித்தபோது வாங்கிய சி கிரேடுகளால் புள்ளி முறையில் அவருக்கு வழியே இல்லை. வீட்டுச் சேமிப்பு இருந்தது, கடன் கொஞ்சம்தான். இரண்டு வருடத்தில் முடித்து இன்று ஐ.சி.யு.வில் இருக்கிறார். அவருக்கு அது சரியான முடிவு, நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இன்னொரு பெண் எல்லாப் பாடங்களிலும் தேறியவள். படிப்பின் கடைசியில் கல்லூரி தானாக வைக்கும் ஒரு தேர்வு இருந்தது. அதில் அவர்கள் கேட்கும் மதிப்பெண் எடுத்தால்தான் என்க்ளெக்ஸ் எழுதக் காகிதம் அனுப்புவார்கள். மூன்று தடவையும் சில புள்ளிகளில் தவறினாள். 90,000 டாலருக்கு மேல் கடன். அந்த யூனிட்டுகளை இரண்டு கல்லூரிகளில் கேட்டாள், இரண்டும் ஏற்கவில்லை. "அக்கா, நான் ஃபெயிலே ஆகலையே, எப்படி இது?" என்று போனில் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கலிஃபோர்னியா நர்சிங் போர்டு ஒவ்வொரு கல்லூரியின் என்க்ளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தையும் வருடவாரியாகத் தன் தளத்தில் போடுகிறது. முதல் முறை எழுதுபவர்களில் 75 சதவீதமாவது தேற வேண்டும் என்பது விதி. அவள் கல்லூரியின் விகிதம் மிக நன்றாக இருந்தது. எழுத விடாதவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அதனால் விகிதத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் சொன்ன காலத்தில் முடித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கடைசியில் தடுக்கும் தேர்வு உண்டா என்று கேளுங்கள். கிளினிக்கல் எந்த மருத்துவமனையில், ஒப்பந்தம் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். போர்டின் அங்கீகாரம் வேறு, கல்லூரியின் தர அங்கீகாரம் வேறு, இரண்டையும் பாருங்கள். யூனிட் மாறுமா என்பதை விற்கிற கல்லூரியிடம் கேட்காமல், நீங்கள் பின்னால் பி.எஸ்.என். (நர்சிங் இளநிலைப் பட்டம்) படிக்க நினைக்கும் கால் ஸ்டேட் என்ற மாநிலப் பல்கலைக்கழக அலுவலகத்தை அழைத்துக் கேளுங்கள். ஐ.டி.டி. டெக்னிகல் இன்ஸ்டிடியூட் என்ற தனியார் கல்லூரி 2016 செப்டம்பரில் எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் மூடியபோது அதில் நர்சிங் மாணவர்களும் இருந்தார்கள். நான் விசாரிக்கப் போன சமயம் அது நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, எனக்குத் தெரியாது. இந்த வாரமே கையெழுத்துப் போடச் சொல்லும் எந்த இடத்திலும் போடாதீர்கள். நல்ல கல்லூரிக்கு உங்கள் அவசரம் தேவையில்லை.

நான் இப்போது ஈஸ்ட் பேயில் ஒரு மருத்துவமனையில் மெட்-சர்ஜ் (பொது மருத்துவம், அறுவை சிகிச்சை) பிரிவில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். இந்தப் பிரிவில் சட்டப்படி ஒரு நர்சுக்கு அதிகபட்சம் ஐந்து நோயாளிகள். வேலையோடு சேர்த்து ஆன்லைனில் ஆர்.என்.-டு-பி.எஸ்.என். படிக்கிறேன், பெரிய மருத்துவமனைகள் அதை விரும்புவதால். வேலை கொடுப்பவர் வருடத்துக்கு 5,250 டாலர் வரை கட்டும் படிப்புச் செலவுக்கு வரி கிடையாது, என் கட்டணத்தில் பெரும்பகுதி அதிலேயே போகிறது.

கல்லூரியின் கடைசித் தேர்வில் நின்றுபோன அந்தப் பெண் இப்போது எல்.வி.என். (ஆர்.என்.னுக்கு ஒரு படி கீழான நர்ஸ் லைசென்ஸ்) படிப்பில் இருக்கிறாள், கம்யூனிட்டி காலேஜில். கடனுக்கு மாதம் ஆயிரத்துக்கு மேல் கட்டிக்கொண்டே. அனாட்டமியை மறுபடி படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை என் வீட்டுக்கு வருகிறாள். மகள் இப்போது பெரியவளாகிவிட்டாள், ஆனாலும் கையை நீட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள், எலும்புகளை எழுதிப் படிக்க.